மலையருவியில் குளிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

"டாக்டர், லீவுக்குக் குடும்பத்தோட கொடைக்கானல் போறோம். பிள்ளைங்க அருவியில குளிக்கணும்கிறாங்க. பெரியவனுக்கு சைனஸ் இருக்கே, குளிக்கலாமா?"

கோடை விடுமுறை வந்துவிட்டால் என் கிளினிக்கில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. "சைனஸை அப்புறம் பார்த்துக்கலாம்மா. முதல்ல எல்லாரும் முழுசாத் திரும்பி வர வழி சொல்றேன்" என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பழனி மலையின் கீழ்ச்சரிவில் உள்ள ஓர் ஓடைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். சித்த வைத்தியன் வீட்டுப் பயணம் ஆயிற்றே! எல்லோர் உடம்பிலும் நல்லெண்ணெய் பூசிவிட்டது நான்தான். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் பாறையில் கால் வைத்தான். அவ்வளவுதான். சறுக்கி, அருவி விழும் கிடங்குக்குள் போய்விட்டான். ஊர்க் கிணற்றில் மேலேயிருந்து குதித்து நீந்துகிறவன், அந்த நுரைக்குள் தலையை வெளியே எடுக்க முடியாமல் தவித்தான். ஓரமாய் ஒதுங்கி வந்த ஒரு கணத்தில் அக்கா மாற்றிக்கட்ட வைத்திருந்த புடவையை வீசினோம். பிடித்துக்கொண்டான். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்த ஒரு நிமிஷம் அக்காவின் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் முழுக வேண்டும் என்று தேரையர் தம் நோய் அணுகா விதியில் சொல்லியிருக்கிறார். அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான்! எண்ணெய்க் குளியல் வீட்டில் இருக்கட்டும். பாசி படிந்த பாறையில் எண்ணெய்க் காலோடு நிற்பது நாமே தேடிக்கொள்ளும் ஆபத்து.

இங்கே வெயில், மேலே மழை!

பெரியகுளத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கிறது கும்பக்கரை அருவி. நீங்கள் குளிக்கும் இடம் மலையடிவாரம். தண்ணீர் வருவதோ சுமார் 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கொடைக்கானல், வட்டக்கானல் பகுதிகளிலிருந்து. அங்கே ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். மலையில் சரிவு அதிகம், பாறை தண்ணீரை உறிஞ்சாது. பெய்த மழை அப்படியே ஓடைக்குள் இறங்கிவிடும். நீர்வரத்து கூடும்போது வனத்துறை குளிக்கத் தடை போடுவது இதனால்தான். "இவ்வளவு தூரம் வந்தோமே, அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று காவலரிடம் கெஞ்சாதீர்கள்.

2024 மே 17-ஆம் தேதி நினைவிருக்கிறதா? பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பலர் ஓடித் தப்பினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். குற்றாலத்தில் நடந்தது பழனி மலையின் எந்த ஓடையிலும் நடக்கலாம்.

தண்ணீர் முன்கூட்டியே சொல்லும்

வெள்ளம் வருவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிவாக ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கும். இலை, சருகு, சுள்ளி மிதந்து வரும். நுரை கூடும். அருவியின் சத்தம் கனக்கும். சற்று முன் வெளியே தெரிந்த கல் முங்கியிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், உடனே கரையேறுங்கள். ஓடை போகும் திசையிலேயே ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, செல்போன், துணிப்பை எதற்காகவும் திரும்ப இறங்கக் கூடாது. அக்கரையில் மாட்டிக்கொண்டால், மேடான இடமாகப் பார்த்து அங்கேயே காத்திருங்கள். ஓடையைக் கடக்க முயலாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலும் பெரியவர்களையே சாய்த்துவிடும்.

நுரைத் தண்ணீர் ஆளைத் தாங்காது

கும்பக்கரையில் பாறைகளுக்கு நடுவே ஆழமான பள்ளங்கள் உண்டு. யானை கெஜம், பாம்பு கெஜம் என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர்தான். உள்ளே ஆழம், சுழல், பாறை இடுக்கு எல்லாம் இருக்கும். பேத்துப்பாறை பக்கம் உள்ள அஞ்சுவீடு அருவியில் சுற்றுலா வந்த இளைஞர்கள் பலியான செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

அருவி விழும் இடத்தில் தண்ணீரோடு காற்றும் கலந்து நுரைக்கிறது. காற்றுக் குமிழி நிறைந்த தண்ணீர் உடம்பை மிதக்கவிடாது. அதோடு, கீழே போன தண்ணீர் சுழன்று மேலே வந்து மறுபடியும் அருவியை நோக்கியே இழுக்கும். நல்ல நீச்சல்காரரும் அங்கே தோற்றுப்போவது இதனால்தான்.

கடலிலும் இப்படி ஓர் ஏமாற்று உண்டு. கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். "இங்கே அலை இல்லையே" என்று இறங்குகிறவரைத்தான் அது உள்ளே இழுத்துப்போகும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஓடையில் அடித்துச் செல்லப்பட்டால்? மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் முன்னால் நீட்டி, முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். பாறை வந்தால் கால் தாங்கும், தலை தப்பும். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். வேகம் குறைந்த இடம் வந்ததும் கரைக்கு ஒதுங்குங்கள்.

இன்னொன்று. மலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். திடீரென்று குதித்தால் நம்மை அறியாமலே மூச்சை இழுப்போம். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் அருவியைத் தூரத்தில் நின்று ரசித்தால் போதும். மது அருந்தியவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

காப்பாற்றும்போது செய்யும் தவறுகள்

ஒருவர் மூழ்கினால், பதறிப் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் போவது இப்படித்தான். கயிறு, நீளமான கம்பு, புடவை, வேட்டி எது கிடைத்தாலும் நீட்டுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனை வீசுங்கள், பிடித்து மிதக்க உதவும். 108-க்கும் 112-க்கும் உடனே ஒருவர் போன் செய்யட்டும். மலையில் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. எங்கே கிடைக்கிறது என்று இறங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் தவறு. மூச்சுக்குப் போகவேண்டிய நேரம் வீணாகிறது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் தொடருங்கள். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாறையில் அடிபட்டிருந்தால் கழுத்தை அசைக்காதீர்கள்.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: நினைவில்லாதவர் வாயில் கஷாயம், சுக்குத் தண்ணீர், காபி எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். இங்கே முதல் மருந்து ஆக்சிஜன்தான், அதைக் கொடுக்க எங்கள் மருந்துப் பெட்டியில் வழியில்லை.

பழனிக்கு வருகிறவர்கள் சண்முக நதியிலும் இடும்பன் குளத்திலும் நீராடும்போதும் இதே கவனம் வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்தபடி, ஓரத்திலேயே முழுக்குப் போடுங்கள். முருகன் ஆழத்தில் போய் முழுகச் சொல்லவில்லை!

அடுத்த முறை மலைக்குப் போகும்போது குடும்பத்தில் ஒருவர் குளிக்காமல் கரையில் உட்காரட்டும். அவருக்கு வேலை ஒன்றே ஒன்று: தண்ணீரின் நிறத்தையும் பிள்ளைகளின் தலைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பது. எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை என்னுடையது. எண்ணெய்ப் பாட்டில் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.