குட்டி யானை எவ்வளவு டீசல் குடிக்கும்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் லோடு வண்டி ஓட்டப் புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

யாருக்கு, எந்த வண்டிக்கு?

புதிதாகக் குட்டி யானை எடுத்திருக்கிறீர்கள். அல்லது தம்பி எடுத்த வண்டிக்கு மாதக் கடைசியில் நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் என்று அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி கேட்டுகளுக்கு வெளியே நிற்கிற எந்த வண்டியானாலும் ஓனருக்குப் பெரிய செலவு இரண்டு: டியூ, டீசல். டியூ குறையாது. டீசலைக் குறைக்க வழி உண்டு, அதற்குப் பெரிய மெக்கானிக் அறிவும் தேவையில்லை. காசே செலவாகாத வேலையில் தொடங்கி, காசு கேட்கிற வேலைக்கு வரிசையாகப் போவோம்.

மைலேஜ் என்றால் எந்த மைலேஜ்?

ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்து வண்டிக்காரர் கேட்பது, "எவ்ளோ குடுக்குது?" என்பதுதான். சொல்லுங்கள், ஆனால் ஒப்பிட்டு மனசு உடையாதீர்கள். 2005-ல் வந்த முதல் ஏஸில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி இன்ஜின். ஏற்றச் சொன்னது முக்கால் டன். 2011-ல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த்தில் மூன்று சிலிண்டர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இன்ஜின், ஒன்றேகால் டன்.

ஏஸ் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், தோஸ்த் 14 என்று வைத்துக்கொள்வோம். ஏஸ்தான் சிக்கனம் என்று தோன்றும். இரண்டும் முழு லோடோடு போனால், ஒரு லிட்டர் டீசலில் ஏஸ் 13.5 டன்-கிலோமீட்டர் வேலை செய்கிறது, தோஸ்த் 17.5. லோடு வண்டிக்கு இந்தக் கணக்குதான் சரியான கணக்கு. ஆனால் அரை டன் சரக்கை மட்டுமே நாள்பூராவும் அடிக்கிறவருக்குப் பெரிய வண்டி வீண். நம் லோடு என்ன என்பதை வைத்துத்தான் வண்டி.

முதல் வேலை: அளப்பது

வண்டியில் எதையும் தொடுவதற்கு முன் இப்போது என்ன தருகிறது என்று தெரிய வேண்டும். டேங்க் ஃபுல் முறை எல்லோருக்கும் தெரியும், ஒழுங்காகச் செய்கிறவர்கள்தான் குறைவு.

ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், தரை மட்டமாக இருக்கிற இடம். டீசல் நுரைக்கும் சரக்கு. வேகமாக அடித்தால் நுரை மேலே வந்து, டேங்க் நிறையும் முன்பே நாசில் 'டக்'கென்று கட் ஆகிவிடும். அரை நிமிஷம் பொறுங்கள், நுரை அடங்கட்டும். மறுபடி மெதுவாக அடித்து இரண்டாவது கட்டில் நிறுத்துங்கள். இந்த நேரத்தில் பங்க் பையன், "அண்ணே, ரவுண்டா போட்டுடவா?" என்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். ரூபாயை ரவுண்டாக்கினால் அளவு கெட்டுப்போகும்.

ஓடோமீட்டர் எண்ணை பில்லிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே போல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க் கணக்கை நம்ப வேண்டாம்; மூன்று டேங்க் சராசரிதான் நம் அடிப்படை எண். இனி எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். காற்று, ஃபில்டர், ஆயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்கியது பழைய வண்டி, டயர் சைஸ் மாற்றியிருக்கிறார்கள் என்றால் ஓடோமீட்டரும் பொய் சொல்லும். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் பத்து கிலோமீட்டர் கல்லை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரூபாயில் எவ்வளவு?

நாளுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள்: 2,080 கிலோமீட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று போடுவோம்; உங்கள் பங்க் போர்டில் உள்ள விலையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

லிட்டருக்கு 13 தந்தால் மாதம் 14,720 ரூபாய். 15 தந்தால் சுமார் 12,760. 17 தந்தால் சுமார் 11,260.

கவனித்தீர்களா? 13-லிருந்து 15-க்கு ஏறினால் மிச்சம் 1,960. அதே இரண்டு கிலோமீட்டர், 15-லிருந்து 17-க்கு ஏறினால் மிச்சம் 1,500தான். மோசமாக ஓடுகிற வண்டியைச் சரிசெய்வதில்தான் காசு அதிகம். இரண்டு வண்டி வைத்திருப்பவர் நல்ல வண்டியைத் தடவிக்கொடுப்பதை விட்டுவிட்டு, குடிகார வண்டியை முதலில் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

காற்று: ஏறக்குறைய இலவசம்

டயரில் காற்று நாலில் ஒரு பங்கு குறைந்தால் எரிபொருள் செலவு 5 முதல் 10 சதவீதம் கூடும், டயர் ஆயுளும் கால் பங்கு போகும் என்கிறது மத்திய அரசின் பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம். மேலே உள்ள 12,760 ரூபாய்க் கணக்கில் 10 சதவீதம் என்றால் மாதம் 1,276 ரூபாய். காற்றுக்காக!

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று. லோடு வண்டியில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சில்லென்று இருக்கும்போது பாருங்கள். மத்தியான வெயிலில் ஓடிவந்து பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

பங்க்கில் காற்று இலவசம். பஞ்சர் கடை மீட்டர்கள் கடைக்குக் கடை வேறு எண் சொல்லும், அதனால் சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்வோம். நைட்ரஜன் காற்றுக்குக் காசு கொடுப்பது அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கால்: முழுக்க இலவசம், ஆனால் கஷ்டம்

பாடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை எம்.டி.எச். ரோட்டில் சாயங்காலம் ஒரு முறை போய்ப் பாருங்கள். மண்ணூர்பேட்டை, எஸ்டேட், டன்லப், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று நின்று நின்றுதான் போக முடியும். டீசல் இங்கேதான் தீர்கிறது. நின்ற வண்டியை, அதுவும் லோடோடு, மறுபடி நகர்த்துவதற்கு ஆகிற டீசல், நகர்கிற வண்டியை நகர்த்திக்கொண்டே இருப்பதற்கு ஆவதைவிடப் பல மடங்கு.

முன்னால் போகிற பஸ்ஸோடு ஒட்டாமல் இரண்டு வண்டி இடைவெளி விடுங்கள். யாராவது நடுவில் நுழைவார்கள், நுழையட்டும். அந்த இடைவெளி இருந்தால் முதல் கியருக்கு இறங்காமல் இரண்டாவதிலேயே ஊர்ந்து போகலாம். அரைக் கிளட்ச்சில் பிடித்துக்கொண்டு நிற்பது இரட்டை நஷ்டம்: டீசலும் போகும், கிளட்ச் பிளேட்டும் போகும்.

கியரைச் சீக்கிரம் ஏற்றுங்கள், ஆனால் வண்டி முக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் வேகம் ஏறாமல் பாடி அதிர்ந்தால் கியர் பெரிது என்று அர்த்தம், ஒன்று இறக்குங்கள். இன்ஜின் கத்தினால் கியர் சிறிது. ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமில்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், வேகம் ஐடிலுக்கு இறங்கும்வரை இன்ஜினுக்கு டீசல் ஏறக்குறைய நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தானாக ஓட டீசல் கேட்கும். லோடு வண்டியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்தும்கூட.

கேட் பாஸ் போடக் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள். சின்ன டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே, அதன் அளவைப் பொறுத்து, மணிக்குக் கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றால் ஆஃப்.

ரூட்டும் நேரமும்

பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லோடு என்று வைத்துக்கொள்வோம். மதுரவாயல் போய் சென்னை பைபாஸ் பிடிக்கலாம். கரையான்சாவடி, காடுவெட்டி, பருத்திப்பட்டு வழியாக ஆவடி போய் எம்.டி.எச். ரோட்டில் திரும்பி வரலாம். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறி, நெமிலிச்சேரியில் இறங்கியும் வரலாம். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் அது நல்ல வழி, எஸ்டேட்டுக்குச் சுற்று.

எது குறைந்த கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எதில் குறைவாக நிற்போம் என்று பாருங்கள். மூன்று கிலோமீட்டர் கூடுதலானாலும் டாப் கியரில் 50-ல் போகிற வழி, பல நாள்களில் டீசல் கணக்கில் ஜெயிக்கும். சுங்கம் வருகிற வழியென்றால் அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். 60 ரூபாய் டீசல் மிச்சம் பிடிக்க 80 ரூபாய் சுங்கம் கட்டினால் என்ன லாபம்?

பைபாஸ் கிடைத்ததும் விரட்டக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. 80-ல் போவதைவிட 45-55-ல் போனால் 40 சதவீதம் வரை மைலேஜ் கூடும் என்று இந்தியக் கார்களை வைத்துச் சேமிப்புச் சங்கம் சொல்கிறது. நம் வண்டிக்கு முகமே சுவர்.

பெரிய ஓட்டை வேறொன்று: காலி ரிட்டர்ன். கோயம்பேட்டிலிருந்து விடியற்காலை காய்கறி ஏற்றி ஆவடியில் இறக்கிவிட்டு, சும்மா திரும்பினால் மைலேஜ் பிரமாதமாகக் காட்டும், பை காலியாக இருக்கும். ஆவடியில் இறக்கிய கையோடு எஸ்டேட் பக்கம் பாதி வாடகைக்கு ஒரு லோடு கிடைத்தாலும் ஏற்றுங்கள். எந்த ஃபில்டரும் தராத லாபம் அது.

லோடு

ஓவர்லோடு அடித்தால் வாடகை கூடும் என்பது உண்மை. டீசல், கிளட்ச், டயர் எல்லாம் கூடுகிறது என்பதும் உண்மை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பைப், கம்பி பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 வரும். ஒரு தடவை மாட்டினால் வருஷம் பூரா பிடித்த மிச்சம் அங்கே போய்விடும்.

தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் காற்றைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். சரக்கை கேபின் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி அடுக்கினால் இன்னும் நல்லது. தினமும் தூக்கிக்கொண்டு அலைகிற பழைய பலகை, உடைந்த ஜாக்கி, காலி டிரம் எல்லாவற்றையும் இறக்கி வீட்டில் போடுங்கள்.

பட்டறை: இந்த வரிசையில்

முதலில் ஏர் ஃபில்டர். சில நூறு ரூபாய் வேலை. எஸ்டேட் உள்ரோட்டுத் தூசியில் புத்தகம் சொல்கிற கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். கறுப்புப் புகை, இழுவை இல்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து பிரேக் பிடித்தம். ஓடிவந்து நிறுத்தியதும் நாலு வீலுக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது.

பிறகு அலைன்மென்ட், டீசல் ஃபில்டர், புத்தகம் சொன்ன கிரேடில் இன்ஜின் ஆயில். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால்தான் கிளட்ச், அதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர், பம்ப். பம்ப் வேலை ஆயிரக்கணக்கில் இழுக்கும். போன உடனே "பம்ப்பைக் கழட்டணும்" என்கிற பட்டறையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பி.எஸ்.6 வண்டி என்றால்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் கூடுதல் டீசலைச் செலவழித்து வண்டியே அதை எரிக்கும். பூந்தமல்லிக்குள்ளேயே குறுகிய ட்ரிப்பாக அடிக்கிறவருக்கு இது முழுதாக நடக்காமல் விளக்கு எரிய ஆரம்பிக்கும். புத்தகம் சொல்கிறபடி ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். சட்டவிரோதம், வாரண்டியும் போகும்.

உஷார்

டேங்க்கில் ஊற்றுகிற மைலேஜ் மருந்து, டீசல் பைப்பில் மாட்டுகிற காந்தம் எதையும் வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்திருக்கிறது. மைலேஜைச் சொல்லிக்கொள்ளும்படி கூட்டிய ஒன்று அதில் இல்லை.

அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் கேன் கேளுங்கள். கண் முன்னால் அளந்து காட்ட வேண்டியது அவர்கள் கடமை. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

கடைசியாக மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. ஏர் ஃபில்டர் வாய்க்குள் தண்ணீர் போனால் இன்ஜின் பூட்டிக்கொள்ளும், கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்று ஆஃப் ஆன வண்டியை செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். பட்டறையில் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடித்து, கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த லோடு.