படகில் ப்ளூடூத் ஸ்பீக்கரா? சார்ஜ் நிற்க சில வழிகள்

பழவேற்காடு ஏரியில் வலையோடு ஸ்பீக்கரும் படகேறுகிறது. பாட்டு நின்றாலும் அது விழித்தபடி பேட்டரியைத் தின்னும். ஆனாலும் பல மாடல்கள் சிறிது நேரம் சத்தமில்லாவிட்டால் தானாக அணைந்துவிடும். ஸ்பீக்கருக்கான போன் செயலியில் அந்த நேரத்தை மாற்ற முடிந்தால் குறைத்து வையுங்கள். ஒயர் செருகியிருந்தால் சில ஸ்பீக்கர்கள் தூங்குவதே இல்லை. வலை இறக்குமுன் நீங்களே பட்டனை அழுத்தி அணைப்பதுதான் நிச்சயமான வழி.

சத்தம் 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத்தான் கேட்கும். அதற்குச் செலவாகும் மின்திறனோ பத்து மடங்கு. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் குறையுங்கள். ஸ்பீக்கரில் வண்ண விளக்கு இருந்தால் அதுவும் வேண்டாம்.

முக்கியமானது உப்பு. ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 'ஐபிஎக்ஸ்7' என்பது 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை. ஏரியின் உப்புநீருக்கு அது பொருந்தாது. உப்புநீர் தெறித்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சார்ஜ் துளை நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரைச் செருகுங்கள். ஈரத்தோடு செருகினால் முனை அரித்துப்போகும்.

வெயிலில் காய விடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மின்சாரம் போவதற்குள் முதலில் போனுக்குச் சார்ஜ் போடுங்கள், ஸ்பீக்கர் பிறகு.