வாக்கும் விரதமும்

கருக்கலைப்புச் சட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை மாநில மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பாருளர். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இக்கருத்தை ஏற்கலாமா என ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பிற நாடுகளில்

அயர்லாந்து மக்கள் 1983இல் பொதுவாக்கெடுப்பின் வழியே கருவின் உயிருரிமையை அரசியலமைப்பில் சேர்த்தனர். 2012இல், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கரு பிழைக்காது எனத் தெரிந்த பின்னரும் அஃது அகற்றப்படாமையால், அந்நாட்டில் நோய்த்தொற்றுற்று உயிர்நீத்தார். 2018 மே 25ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 66 விழுக்காட்டினர் அவ்விதியை நீக்கினர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 2024 நவம்பரில், கருக்கலைப்புரிமையை 57 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 விழுக்காடு வேண்டும் என்ற விதியால் அது தோற்றது. எண்ணிக்கை மாறும், எண்ணும் விதியும் இடத்திற்கிடம் மாறும்.

2. நம் நாட்டில்

சட்டமியற்றுதற்குப் பொதுவாக்கெடுப்பு நடத்த நம் அரசியலமைப்பில் வழியில்லை. கோவாவில் 1967இலும், சிக்கிமில் 1975இலும் நிகழ்ந்தவை அப்பகுதிகளின் ஆட்சிநிலை பற்றியவை. பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் தாய்மார் பலர் மாண்டமையால், சாந்திலால் ஷா குழு ஆராய்ந்து 1966இல் அறிக்கை அளித்தது. அதன்பின் 1971இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், குறிப்பிட்ட சில பிரிவினர்க்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தையும் வேண்டுகிறது.

பெண்சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் சட்டம் 1994இல் பிறந்தது. பெண்மகவு சுமையென்று எண்ணிய ஊர்களில் வாக்குக் கேட்டிருப்பின், அச்சட்டம் வென்றிருக்குமா?

3. நம் நிலை

கருவும் ஓர் உயிரே. அதனைச் சிதைத்தல் இம்சையே. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், அதனைத் தடுக்கப் பெரும்பான்மையோரின் வாக்கை நாடலாமா? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 121 கோடி மக்களுள் நாம் ஏறத்தாழ 45 இலட்சம் பேரே. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக் குற்றமெனக் கொண்டது. அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அவ்வழக்கை நாட்டு மக்களின் வாக்கிற்கு விட்டிருந்தால், நம் விரதத்தை அறியாதார் நமக்காக வாக்களித்திருப்பரோ? பிறர் மனச்சான்றை நாம் வாக்கால் ஆளத் துணிந்தால், நம் மனச்சான்றையும் பிறர் அவ்வாறே ஆளுவர்.

வாக்குச் சீட்டில் ஆம், இல்லை என இரண்டே விடைகள். அநேகாந்தமோ தாயின் துயரையும் கருவின் உயிரையும் ஒருங்கே நோக்கச் சொல்கிறது. அணுவிரதம் ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. பிறர்மேல் சுமத்தப்படுவது விரதமாகாது.

4. செய்யத்தக்கது

விசயமங்கலத்து ஜினாலயமும், நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊரெனப் போற்றப்படும் சீனாபுரமும் கொங்கு நாட்டின் பெருமைகள். நம் முன்னோர் இங்கு மதிப்புப் பெற்றது கல்வியாலும் கொடையாலுமே, எண்ணிக்கையால் அன்று. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனும் நான்கு தானங்களைக் கோவை, திருப்பூர் ஆலைகளில் உழைக்கும் கருவுற்ற ஏழைப்பெண்ணுக்கு அளிப்போம். கைவிடப்பட்டவளைப் பழியாது வீட்டில் ஏற்போம். வாக்கெடுப்பு காக்கவியலாத உயிர் சிலவேனும் அதனால் பிழைக்கும்.

சிந்திக்க:
1. சட்டம் அனுமதிப்பன யாவும் அறமாகுமா?
2. நம் ஊரில் இந்நான்கு தானங்களுள் கருவுற்ற பெண்களுக்கு இன்று கிட்டாதது எது?

வளர்க ஜினதருமம்!