கடல் கடந்த கட்டுமரம்

இளையரசனேந்தலில் வாழும் நமக்குக் கரிசல் மண்ணும் பருத்திக் காடும் தெரிந்த அளவு கடல் தெரியாது. எனினும் இன்று ஸ்பானிய மொழியின் கடற்சொல் ஒன்றைக் கற்போம். அச்சொல் 'கத்தமரான்'.

பொருள்: இரண்டு படகுடல்களை இணையாக வைத்துத் தளத்தால் இணைத்த படகு. பெரும்பாலும் பாய்மரம் உடையது. பயணிகளை ஏற்றும் விரைவுப் படகுக்கும் இப்பெயர் உண்டு.

வழக்கு: நமக்கு அஃறிணையான படகு ஸ்பானிய மொழியில் ஆண்பால்! ஒருமையில் 'எல் கத்தமரான்', பன்மையில் 'லோஸ் கத்தமரானேஸ்'. 'எல் கத்தமரான் யேகா ஓய்' என்றால் 'அப்படகு இன்று வருகிறது' என்று பொருள். நெல்லைச் சீமையில் 'ஓய்' என்றால் ஆளைக் கூப்பிடுவது. அங்கே அது 'இன்று'!

பிறப்பு: ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி, இச்சொல் ஆங்கிலம் வழியாக வந்தது என்றும், அதன் மூலம் தமிழ்ச் சொல் என்றும் கூறுகிறது. ஆம், அது நம் 'கட்டுமரம்'தான்! இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்த புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அவர் வழியே இச்சொல் சென்றிருக்குமோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது சென்ற வழி வேறு. சோழமண்டலக் கரையில் இப்பெயர் வழங்குவதை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதினார். பிற்காலத்தில் மேலைநாட்டார் இரட்டையுடல் படகுகளுக்கு அப்பெயரையே சூட்டினர். அமெரிக்கரான நத்தானியேல் ஹெர்ரஷாஃப் அமைத்த 'அமரில்லிஸ்' என்னும் அத்தகைய படகு, 1876-இல் நியூயார்க் பந்தயத்தில் வென்றது.

நம் கட்டுமரமோ வேறு. இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பர். மேலே ஏறும் அலைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பர். நீர் ஊறினால் அவை கனத்துவிடும் அல்லவா?

'கட்டுமரம்' வினைத்தொகை என்பதை நாம் அறிவோம். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதில் அடங்கும். ஆனால் எதிர்காலம் பற்றித்தான் நமக்குக் கவலை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. பெயர் உலகெங்கும் உலாவ, பொருள் பிறந்த இடத்திலேயே மறையலாமா?

தோழியரே, மணப்பாட்டுக்கோ உவரிக்கோ செல்லும்போது, கட்டுமரத்தின் உறுப்புகளுக்குரிய பெயர்களை அங்குள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வருவோம். நம் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கமலையின் உறுப்புகளையும் கேட்போம். அகராதியில் ஏறாத சொற்கள் அவர்கள் நாவில் இன்னும் இருக்கின்றன. அவற்றை இன்றே குறித்து வைப்போம்!