முதுமையில் சிறுநீரகக் கட்டி: சிகிச்சையைத் தீர்மானிப்பது எப்படி?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மாடு வாங்க வந்தவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஆயினும் பல்லைப் பார்த்த மாத்திரத்தில் விலை பேசிவிட மாட்டார். நடக்க விட்டுப் பார்ப்பார். தீனி எடுக்கிறதா என்று விசாரிப்பார். வயது ஒன்று, உடல் வலு வேறொன்று என்பது அவருக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நோய் கண்டால் இந்த நிதானத்தை நாம் காட்டுகிறோமா? "வயது எழுபத்தெட்டு ஆயிற்று, இனி எதற்கு வைத்தியம்?" என்பார் ஒருவர். "புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், நாளைக்கே அறுத்து எடுத்துவிட வேண்டும்" என்பார் மற்றொருவர். சிறுநீரகக் கட்டியைப் பொறுத்தவரை இவ்விரண்டு பேச்சும் தீங்கு விளைவிக்கக் கூடியவை.

முதுகெலும்பின் இரு பக்கங்களிலும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. இரத்தத்தில் உள்ள கழிவுகளைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுவது அவற்றின் வேலை. ஒரு சிறுநீரகத்தை இழந்தாலும் மனிதன் வாழ முடியுமா என்ற ஐயம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்னும் மருத்துவர் முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்து, பின்னர் 1869-ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் சிறுநீரகம் ஒன்றை அகற்றினார். அப்பெண்மணி பிழைத்துக்கொண்டார். ஒரு சிறுநீரகத்தைக் கொண்டு வாழலாம் என்பது அன்று உறுதியாயிற்று. ஆனால் எஞ்சியிருக்கும் அந்த ஒன்று நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இக்காலத்தில் இக்கட்டிகளுள் பல, வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகவே கண்ணில் படுகின்றன. வயிற்றுவலி என்றோ, நீர் அடைப்பு என்றோ சென்ற பெரியவரிடம் "சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறது" என்று கூறுகிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதியவர்களிடம் நீர் நிறைந்த கொப்புளம் போன்ற சாதாரண நீர்க்கட்டி மிகுதியாகக் காணப்படும். அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆகவே அது நீர்க்கட்டியா, திண்மையான கட்டியா என்பதே டாக்டரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தால், அது ஒரே ஒரு தடவைதான் என்றாலும், சூடு என்று எண்ணி இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடலாகாது. கல், கிருமித் தொற்று, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகியவையும் அதற்குக் காரணமாகலாம்.

திண்மையான கட்டிதான் என்றால், அதன் அளவே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. நாலு சென்டிமீட்டருக்கு உட்பட்டது, அதாவது ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு மேற்படாதது, சிறிய கட்டி எனப்படும். இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அன்று. புற்றுநோயாக இருப்பவற்றிலும் பல மெதுவாகவே வளர்கின்றன; சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு நெல்மணியின் அகலம். கவனித்து வருகையில் முதல் சில ஆண்டுகளுக்குள் உடலின் பிற பாகங்களுக்குப் பரவியவை நூற்றுக்கு ஒன்றிரண்டே என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, முதியவர்களுக்கு உடனே கத்தி வைக்காமல், மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, வளர்ச்சி இல்லையெனில் இடைவெளியை நீட்டிக்கொண்டு போவது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, நாலு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ சிகிச்சையைப் பற்றி மறுபடியும் யோசிப்பார்கள். ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதும் சில சமயம் முடிவுக்குத் துணை செய்யும்.

இதனை "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்று குடும்பத்தார் பொருள் கொள்வது பெருந்தவறு. கைவிடுவதற்கும் காத்திருந்து கவனிப்பதற்கும் உள்ள வேற்றுமை, குறித்த நாளில் ஸ்கேனுக்குப் போகிறோமா என்பதில் இருக்கிறது. அறுவடை நாள் என்று ஒரு தடவை தவறவிட்டால், அடுத்த தடவையும் தவறிப்போகும்.

சிகிச்சை அவசியம் என்றால் வழிகள் பல. கட்டியை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பது ஒன்று. சிறுநீரகம் முழுவதையும் அகற்றுவது மற்றொன்று. தோலின் வழியே ஊசியைச் செலுத்திச் சூட்டினாலோ குளிரினாலோ கட்டியை அழிப்பது, பெரிய மயக்கம் தாங்காதவர்களுக்கு ஏற்றது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வயது மட்டும் விடை கூறாது. எண்பது வயதிலும் இரண்டு மைல் நடந்து வரப்பு வெட்டுபவர் அறுவைச் சிகிச்சையைத் தாங்கக்கூடும். அறுபத்தெட்டு வயதில் மூச்சு வாங்கி, இருதயம் தளர்ந்து, கட்டிலே கதி என்றிருப்பவர் தாங்காமல் போகலாம்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு மற்றச் சிறுநீரகம் முன்னரே பழுதுபட்டிருக்கலாம். அந்நிலையில் ஒன்றை அகற்றினால், புற்றுநோய் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்னும் புதுத் தொல்லை வந்து சேரக்கூடும். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறதென்று மகிழ்ந்துவிடவும் கூடாது. தசை வற்றிய மெலிந்த முதியவரிடம் சிறுநீரகம் குறைவாக வேலை செய்தாலும் அந்த அளவு சரியானதுபோலத் தோன்றும். "அகற்றிய பிறகு இவருடைய சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யும்?" என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்.

கட்டி ஏழு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், அல்லது பெரிய இரத்தக் குழாய்க்குள் புகுந்திருந்தால், காத்திருக்கும் பேச்சு பொருந்தாது. உடல் தாங்குமானால் அறுவைச் சிகிச்சையே வழி. நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டது என்றால் கணக்கு மறுபடியும் மாறுகிறது. அந்நிலையிலும் சிறுநீரகத்தை முதலில் எடுத்துவிடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2018-ல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, பரவிய நிலையில் உள்ள பலருக்குச் சுனிடினிப் மாத்திரை மட்டும் கொடுத்ததும், அகற்றிவிட்டு மாத்திரை கொடுத்ததைவிடக் குறைந்ததன்று என்று காட்டியது. அதன் பின்னர் வேறு புதிய மருந்துகளும் வந்துள்ளன. ஆனால் இம்மருந்துகள் சோர்வு, வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால் புண் ஆகியவற்றை உண்டாக்கக் கூடியவை. எத்தனை மாத ஆயுளுக்கு எவ்வளவு துன்பம் என்பதை நோயாளி அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

நம் வீடுகளில் தவறுவது இவ்விடத்தில்தான். பிள்ளைகள் டாக்டரைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்கிறார்கள். அன்பினால் செய்கிற காரியம், ஐயமில்லை. ஆயினும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், மகன் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்கிறார். மீதியைக் கேட்க வழியின்றித் தனியே அஞ்சுகிறார். "அப்பா, கட்டி இருக்கிறதாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் அவர் மனத்தில் உள்ளது வெளிவரும். தம் கைக்குத் தாமே சோறு எடுத்து உண்ணும் நிலை போதும் என்பார் ஒருவர். பேத்தி திருமணத்தைப் பார்க்கும்வரை எதையும் தாங்குவேன் என்பார் இன்னொருவர். இருவருக்கும் ஒரே கட்டி இருந்தாலும் ஒரே சிகிச்சை ஆகாது.

மதகடிப்பட்டை அடுத்த கலிதீர்த்தாள்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் வட்டாரப் புற்றுநோய் மையம் செயல்படுகிறது. சிறிய கட்டியாயின், இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்டு வரச் சில வாரங்கள் செலவழிவதால் கேடில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் 70 வயது நிரம்பியவர்களை, வருமானம் எதுவாயினும், 2024 அக்டோபர் முதல் சேர்த்துக்கொள்கிறார்கள்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு தவறாக இருப்பின் முன்கூட்டியே திருத்திக்கொள்வது நலம்.

ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒரே பையில் இட்டு, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய அளவு கையில் இல்லையெனில், கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல இயலாது.