தங்கச்சியின் பட்டப்படிப்பும் அடிகளாரின் கணக்கும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. அம்மா 46 வயதில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்திருக்கிறாள், சனம் சிரிக்கும், நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா என்பது ஒன்று. உனக்கென்று ஒரு திறமையும் இல்லை, கூடப் படித்தவர்கள் எல்லாரும் என்னவாகப் போகிறோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது மற்றது. இரண்டையும் வேறுவேறு பந்தியில் எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. திறமை இருபதுக்குள் அகப்பட வேண்டும், பிந்தி அகப்பட்டால் வெட்கம், அகப்படாதவருக்கு இல்லவே இல்லை என்று நினைக்கிறாய். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது புதினமில்லை.

கல்லடியில் வளர்ந்த உனக்கு விபுலானந்த அடிகளைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்ல? சிவானந்த வித்தியாலய வளவில் சமாதி இருக்கிறது. மாலை போடுகிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம். போட்டிக்கு வரும் பிள்ளைகள் 'பிறவி மேதை' என்று தொடங்கி 'முத்தமிழ் வித்தகர்' என்று முடிப்பார்கள். நடுவில் அவர் வாழ்ந்த 55 வருஷம் எங்கே போனதென்று தெரியாது. அந்த நடுப்பகுதியைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

1892இல் காரைதீவில் பிறந்தார், துறவுக்கு முன் பேர் மயில்வாகனம். அதே 1892இல்தான் சென்னையில் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முதன்முதலாக முழுமையாக அச்சில் கொண்டுவந்தார். இந்த ஒற்றுமையை விதி என்று சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் நினைக்கச் சந்தோஷமாக இருக்கும். காரைதீவில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைக்குக் கண்ணகி கதை முதலில் வைகாசிச் சடங்காகத்தான் வரும், புத்தகம் பிறகுதான்.

இனி அவருடைய இளம் வயதைப் பார். மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரியில் ஆங்கிலப் படிப்பு, பிறகு ஆசிரியப் பயிற்சி. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர். அதையும் விட்டுவிட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடம், 1924இல் துறவு. அப்போது வயது 32. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெடியன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஒன்றிலும் நிலைக்காத ஆள் என்றுதான்.

துறவுக்குப் பிறகும் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஊர் திரும்பி மடத்தின் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தார்; 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர். இரண்டு வருஷத்தில் விலகினார். 1939இல் இமயமலை மாயாவதியில் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழுக்கு ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இந்த அலைச்சலுக்கு நடுவில், ஏறக்குறைய 14 வருஷமாக, ஒரு வேலை மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி 25 அடிகள் வரும். அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் உண்டு. ஆனால் யாழ் என்ற வாத்தியமே வழக்கொழிந்துவிட்டதால், அந்த உரை எதைச் சொல்கிறது என்று பிடிபடுவது கஷ்டம். உரையைப் படிக்கத் தெரிந்த புலவர்களுக்கு ஒலியின் கணக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்த விஞ்ஞானப் பட்டதாரிகள் பழைய தமிழ் உரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

நான் கணக்கு ரீச்சர், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒரு நரம்பை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பிடித்து மீட்டினால் இளி பிறக்கும், இன்றைய பஞ்சமம். அந்த இளியை ஆதாரமாக வைத்து அதற்கொரு இளி, அதற்கும் ஒன்று என்று 12 தரம் போ. ஏழு ஸ்தாயி ஏறித் தொடங்கின சுரத்துக்கே திரும்பிவிட வேண்டும். திரும்பாது! நீளம் குறைய அதிர்வு அதே கணக்கில் கூடும்; மூன்றின் கீழ் இரண்டை 12 தரம் பெருக்கினால் 129.75 அளவில் வரும்; ஏழு ஸ்தாயிக்கு இருக்க வேண்டியது 128. இந்தச் சின்ன மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் உலகத்து இசைகள் பிரிகின்றன. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எல்லா இளியிலும் துளித்துளியாகக் குறைத்துச் சமாளிக்கிறார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டி 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவரும் ஆசிரியராக இருந்து சித்த வைத்தியரானவர். புத்தகம் வரும்போது வயது 58.

அடிகளார் 12 வீடுகளில் சுற்றிவரும் வட்டப்பாலையையும், குரல் என்ற ஆதார சுரம் மாறப் பாலை என்ற சுர அமைப்பு மாறுவதையும் இந்த எண்களோடு வைத்துப் பார்த்தார். கொழும்பில் படித்த பௌதிகமும் மதுரைச் சங்கத்துக்காகப் படித்த தமிழும் ஒரே மேசைக்கு வந்தன. காதும் வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்கும் ஊர் இது. வாவியின் அந்த ஓசையை நீரரமகளிரின் இசையாக்கி அவர் பாட்டே எழுதியிருக்கிறார். 1947 ஜூனில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார்.

பேச்சுப்போட்டியில் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நூல் வந்ததால் யாழ் கச்சேரி மேடைக்குத் திரும்பிவிடவில்லை. இன்றைக்கும் நாம் அதைச் சின்னங்களிலும் சிலைகளிலும்தான் அதிகம் பார்க்கிறோம். அதனால் அந்த 14 வருஷம் வீண் என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். புரியாமல் கிடந்த 25 அடிகளோடு வாதாட ஒரு வழி கிடைத்தது, அது போதும்.

இதிலிருந்து நான் எடுப்பது இவ்வளவு. அவருக்கு யாழ் நூல் எழுதும் 'திறமை' என்று இருபது வயதில் ஒன்றும் இருக்கவில்லை. வெவ்வேறு காரணத்துக்காகப் படித்த சில விஷயங்கள் இருந்தன. நாற்பதை ஒட்டி ஒரு கேள்வி வந்தது. அது அத்தனையையும் ஒன்றாகக் கேட்டது. ஆனால் ஒன்றைக் கவனி: அவர் எதையும் அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போகவில்லை. தமிழென்றால் பண்டிதர் பரீட்சை வரை, விஞ்ஞானமென்றால் பட்டம் வரை. ஐந்து விஷயத்தில் அரைவாசி அரைவாசியாகத் தெரிந்தால் பிற்காலத்தில் அவை ஒன்றோடொன்று சேராது. உயிரியல் பாடத்துக்காகக் கண்டல் மரங்களை வரைந்தாயே, 'சோதினைக்கு உதவாது' என்று நிறுத்தியும்விட்டாய். நீ ஓவியக்காரியாக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வரைவதென்றால் வேரும் இலையும் பிழையில்லாமல் வரும்வரை வரை.

இனி என் தங்கச்சிக்கு, உன் அம்மாவுக்கு, வருகிறேன். அடிகளாரையும் அவளையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். அவர் துறவி, உலை வைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவு முழித்திருக்கவில்லை. தங்கச்சியின் படிக்கிற வயதைப் போர் தின்றது. கொஞ்சம் நிமிர்ந்தபோது 2004 டிசம்பரில் கடல் வந்தது. நாற்பத்தாறில் அவள் பதிந்ததைச் சனம் பிந்தினது என்று சொன்னால், ஏன் பிந்தினது என்றும் அதே சனத்துக்குத் தெரியும்.

அவளுக்கு என்ன தெரியும் என்று நீ பார்த்திருக்கிறாயா? எங்கள் அம்மம்மாவும் வயல் வேலைக்கு வந்த பெண்களும் சொன்ன நாட்டார் கவிகளை அவள் சி.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறாள். கவி தெரிந்தவர்கள் இன்னும் பலர் உண்டு. இவள் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதிப் பழகினவள். அதனால் ஒவ்வொரு கவிக்கும் பக்கத்தில் சொன்னவர், ஊர், திகதி, வேறு ஊரில் எந்தச் சொல் மாறி வருகிறது என்று நிரல் போட்டிருக்கிறாள். கணக்கப்பிள்ளை வேலை என்று நாங்கள் பகிடி பண்ணின பழக்கம்தான் அது. பட்டம் கிடைத்தாலும் சரி, ஒரு பாடத்தில் தவறினாலும் சரி, அந்தக் கொப்பிகளை எப்படி வாசிப்பதென்று அவளுக்கு யாராவது சொல்லித் தரவேண்டும். அதற்குத்தான் போகிறாள்.

அவளைத் தடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டாய். மாட்டேன். சோதினை மறுமொழி வரும்வரை நீ வீட்டில்தானே இருக்கிறாய்? அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு வகுப்புக்குப் போகிற நாளில் சமையலை நீ பார். கணினியில் தமிழ் தட்டச்சு அவளுக்கு வராது, உனக்கு வரும். கொப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்று. அம்மம்மா சொன்ன சில சொற்கள் உனக்குப் பிழையாகத் தெரியும். திருத்திவிடாதே, அம்மாவிடம் கேள்.

அன்புடன்,
பெரியம்மா