எந்திர எலியும் மாறிய விதியும்

திண்டிவனத்திலிருந்து ரயிலில் விழுப்புரம் வருகிறீர்கள். அங்கே ஐந்து பாதைகள் கூடுகின்றன. "எப்போதும் இடப்பக்கமே திரும்புவேன்" என்றால் புதுச்சேரிக்குப் போவீர்கள். அங்கே பாதை முடிகிறது. திரும்பி வந்து அடுத்த பாதையைப் பிடிக்க வேண்டும். மூளைக்கு அதிக வேலையில்லாத இந்த முறை ஒரு போட்டியில் எல்லாரையும் முந்தியிருக்கிறது!

1979-இல் நியூயார்க்கில் எந்திர எலிகளுக்குப் போட்டி நடந்தது. சுவர்கள் பின்னிய சிக்கலான பாதையில் எலி தானே வழி கண்டு வெளியேற வேண்டும். வழியை நினைவில் வைக்கும் 'அறிவாளி' எலிகளும் வந்திருந்தன. முந்தியதோ, சுவரை ஒட்டியே விரைந்தோடிய எலி! நுழைவாயில், வெளிவாயில் இரண்டும் வெளிச்சுவரில் இருந்தன. சுவரை விடாமல் போனால் எப்படியும் வெளியே வந்துவிடலாம் அல்லவா?

1980-இல் லண்டனில் ஐரோப்பியப் போட்டியை நடத்திய ஜான் பில்லிங்ஸ்லி ஒரு விதியை மாற்றினார்: இலக்கு இனி நடுவில். அதைச் சூழ்ந்த சுவர்கள் வெளிச்சுவரோடு சேராமல் தீவாக நின்றால், சுவரொட்டி எலி சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். அருமையான குறும்பு!

பிறகு என்ன செய்வது? இலக்குக்கு 0, அதிலிருந்து சுவர் தடுக்காமல் போகக்கூடிய கட்டங்களுக்கு 1, அடுத்தவற்றுக்கு 2 என்று எண் இட வேண்டும். எலி எப்போதும் சிறிய எண் பக்கம் நகரும். புதுச் சுவர் தென்பட்டால் எண்களைத் திருத்திக்கொள்ளும். கட்டம் போட்ட தாளில் இரு முறைகளையும் பென்சிலால் நடத்திப் பாருங்கள்.